மூன்று வெள்ளி

நாவலாசிரியருக்கு இல்லாத ஒரு சிக்கல் வேடமேற்பு விளையாட்டு ஆடுபவருக்கு உண்டு. நாவலாசிரியர் தன் கதைமாந்தருக்கு ஓர் ஊர் வேண்டுமென்றால் ஊரை உண்டாக்கிக்கொள்வார். அந்த ஊருக்குப் பஞ்சம் வேண்டுமென்றால் பஞ்சத்தையும் வரவழைத்துவிடுவார். கேட்பதற்கு ஆளில்லை. வேடமேற்பு விளையாட்டிலோ உலகம் ஏற்கெனவே இருக்கிறது. வேறு நால்வரோ ஐவரோ அதில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறார்கள். எந்த மலைக்கு அப்பால் எந்தக் கடல், எந்த அரசன் எப்போது கொல்லப்பட்டான், எந்தச் சத்திரத்தில் யாருக்கும் யாருக்கும் பகை என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. நாம் எழுதிக்கொண்டு போகும் ஆள் இருபத்தைந்து வயதிலோ நாற்பது வயதிலோ அதற்குள் நுழைந்தாக வேண்டும். அதுவரை அவர் எங்கே இருந்தார், என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை, அங்கே எவருடைய நினைவையும் பொய்யாக்காமல் சொல்லியாக வேண்டும். இதற்கு முன்கதை என்று பெயர்.

எங்கள் குழு 2017 முதல் ஆடிவருகிறது. ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி நள்ளிரவைத் தாண்டுவது வழக்கம். ஆறு ஆண்டுகள் நான் ஏற்றிருந்த கிழட்டு மந்திரவாதி 2023-இல் ஒரு பாழடைந்த கோட்டையின் படிக்கட்டில் வீழ்ந்தார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிப்படி, வீழ்ந்து கிடப்பவர் ஒவ்வொரு சுற்றிலும் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பத்துக்குக் குறைந்தால் ஒரு தோல்வி. மூன்று தோல்வியில் உயிர் போய்விடும். ஒன்று என்ற எண் விழுந்தால் அது இரண்டு தோல்விக்குச் சமம். எனக்கு முதலில் ஏழு விழுந்தது. அடுத்து ஒன்று. மேசையில் சற்றுநேரம் பேச்சில்லை. பிறகு ஆட்டத்தை நடத்தும் நண்பர் தன் குறிப்புகளை அடுக்கிக்கொண்டே, "அடுத்த வாரத்துக்கு ஒரு ஆளைக் கொண்டு வாங்க" என்றார். இழவு வீட்டில் சொல்லக்கூடிய சொல் அல்ல. ஆனால் இந்த விளையாட்டில் துக்கத்திற்கு ஒதுக்கப்பட்ட காலம் ஒரு வாரம்தான்.

அறியாதவர்களுக்காகச் சில வரிகள். இதில் பலகையோ காய்களோ கட்டாயமில்லை. ஒருவர் உலகத்தைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதைமாந்தராக இருந்து, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். உறுதியில்லாத இடங்களைப் பகடை தீர்மானிக்கும். கூடத்தில் உட்கார்ந்து ஐந்து பேர் சேர்ந்து ஒரு நாவலை வாய்மொழியாகச் சொல்வது போல என்று இலக்கிய நண்பர்களிடம் விளக்குவேன். அது முழு உண்மையல்ல. நாவலில் அடுத்த பக்கம் எழுதியவருக்குத் தெரியும்.

முன்கதை என்ற ஒன்று தொடக்கத்தில் இருந்ததே இல்லை. 1969-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டு ஒன்றை அமைத்தார். பிரான்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மானிய நகரம் அதன் களம். அதில் அவர் செய்த புதுமை, ஆடுபவர்கள் சிலருக்குப் படைகளைக் கொடுக்காமல் மனிதர்களைக் கொடுத்தது: நகரத் தலைவர், வங்கியாளர், பல்கலைக்கழக வேந்தர். கையில் படை இல்லாதவர்கள் மூலைக்கு மூலை நின்று பேரம் பேசத் தொடங்கினார்கள். போர் தொடங்கவேயில்லை, எல்லாம் குழம்பிவிட்டது என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ இன்னொரு முறை ஆடலாம் என்றார்கள். அவர்களில் ஒருவர் டேவ் ஆர்னெசன். அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974-இல் வெளியிட்டதுதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். முதல் அச்சு ஆயிரம் பிரதிகள்.

அந்தக் காலத்தில் கதைமாந்தர் என்பவர் ஆறு எண்களும் ஒரு பெயரும்தான். பெயருக்கும் பெரிய மெனக்கெடல் இல்லை. மெல்ஃப் என்று ஒரு புகழ்பெற்ற பாத்திரம் உண்டு. கைகாக்ஸின் மகன் ஆடியது. ஆண் என்பதற்கான ஆங்கில முதலெழுத்தையும் எல்ஃப் என்ற இனப்பெயரையும் ஒட்டவைத்தால் கிடைப்பது அந்தப் பெயர். படிவத்தில் பால், இனம் என்று நிரப்பும் கட்டங்கள் பெயராகிவிட்டன. முதல் குகையின் முதல் அறையிலேயே செத்துவிடக்கூடியவருக்குப் பிறந்த ஊர் எதற்கு? பிழைத்துக் கிடந்தால் பழங்கதை தானாகச் சேரும் என்பது அன்றைய எண்ணம். அதில் ஒரு நேர்மை இருந்தது என்றே நினைக்கிறேன். இன்று மேசைக்கு வரும் பல முன்கதைகளில், ஆடுவதற்கு முன்பே எல்லாம் நடந்து முடிந்துவிட்டிருக்கின்றன.

இதற்கு நேரெதிராக, 1977-இல் வெளிவந்த டிராவலர் என்ற விண்வெளி விளையாட்டு முன்கதையையே பகடையிடம் ஒப்படைத்தது. உங்கள் ஆள் பதினெட்டு வயதில் கடற்படையிலோ வணிகக் கப்பலிலோ சேர்கிறார். நான்கு நான்கு ஆண்டுகளாக வாழ்க்கை நகர்கிறது. ஒவ்வொரு நான்காண்டுக்கும் பதவி உயர்வு உண்டா, புதிதாக என்ன கற்றார், உயிரோடு இருக்கிறாரா என்று பகடை உருட்ட வேண்டும். ஆம், ஆட்டம் தொடங்கும் முன்பே, முன்கதையிலேயே ஒருவர் இறந்துவிட முடியும். பலர் இதை வேடிக்கையாகச் சொல்வார்கள். எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றியதில்லை. இன்னொரு நான்காண்டு பணியில் இருந்தால் இன்னும் கொஞ்சம் திறன் கிடைக்கும், ஆனால் வயதாகும், செத்தும் போகலாம். நடுவயதை நெருங்கும் எவருக்கும் பழகிய கணக்கு அது.

ஒரு கூட்டு உலகத்திற்குள் புதியவர் நுழைந்த வரலாறுகளில் மிகவும் விசித்திரமானது டிரிஸ்ட் டோ உர்டனுடையது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எட் கிரீன்வுட் என்ற கனடா நாட்டவர், தொழிலால் நூலகர், சிறுவயதிலிருந்தே ஓர் உலகத்தைத் தனக்காக எழுதி வந்தார். ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்பது அதன் பெயர். மறக்கப்பட்ட நாடுகள் எனலாம். நம் உலகிலிருந்து அங்கே செல்லும் வாயில்கள் ஒருகாலத்தில் இருந்தன, நாம்தான் மறந்துவிட்டோம் என்பது அவர் கற்பனை. 1986-இல் கைகாக்ஸ் தொடங்கிய டி.எஸ்.ஆர். நிறுவனம் அந்த உலகத்தை வாங்கி, 1987-இல் பெட்டியாக வெளியிட்டது. தனி ஒருவரின் உலகம் அன்று பொதுவழியாயிற்று. டக்ளஸ் நைல்ஸ் அதே ஆண்டு முதல் நாவலை மூன்ஷே தீவுகளில் நிகழ்வதாக எழுதினார். அடுத்த நாவலை எழுத வந்தவர் ஆர்.ஏ.சால்வடோர் என்ற இளைஞர். மூன்ஷே தீவுகள்தான் மொத்த உலகமும் என்று எண்ணி, நைல்ஸின் பாத்திரம் ஒன்றைத் துணைக்கு வைத்து, வல்ஃப்கார் என்ற காட்டுமிராண்டி இளைஞனை நாயகனாக்கித் திட்டம் அனுப்பினார். உலகம் அதைவிட எவ்வளவோ பெரியது என்று பதிப்பகம் சொன்னது. கதை ஐஸ்விண்ட் டேல் என்ற வடகோடிப் பனிநிலத்துக்குப் போனது. அப்போது நைல்ஸின் பாத்திரம் அங்கே வர இயலாது. பதிப்பாசிரியர் மேரி கிர்ச்சாஃப் தொலைபேசியில் அழைத்தார். விற்பனைக் கூட்டத்துக்குப் போகிறேன், துணைப்பாத்திரம் ஒன்று உடனே வேண்டும் என்றார். சால்வடோர் அந்தக் கணத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார்: ஒரு ட்ரௌ. பெயர் கேட்டபோது அதையும் அந்த நொடியில் சொன்னார். எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியுமா என்று கேட்டதற்கு முடியாது என்றாராம்.

ட்ரௌ என்போர் நிலத்தடியில் வாழும் இருள் எல்ஃப்கள். கரிய தோல், வெண்முடி. 1978-இல் கைகாக்ஸ் எழுதிய சாகச ஏடுகளில் முழு உருவம் பெற்றவர்கள். அவை நிகழ்ந்ததோ கிரேஹாக் என்ற வேறொரு உலகில். பெண்கள் ஆளும் சமூகம், லோல்த் என்ற சிலந்தி தெய்வம், ஒன்றையொன்று அழிக்கக் காத்திருக்கும் குலங்கள். அவர்கள் கொடியவர்கள் என்று விதிநூலே சொன்னது. ஆக, சால்வடோர் ஒரு தொலைபேசி உரையாடலில் தன் தலையில் ஏற்றிக்கொண்ட சுமை இது: கொடியவர்கள் மட்டுமே உள்ள இனத்திலிருந்து ஒரு நல்லவர் எப்படி வந்தார்? நிலத்துக்குக் கீழே பிறந்தவர் வடகோடிப் பனியில் என்ன செய்கிறார்? கையில் இரண்டு வளைவாட்கள், கூடவே ஒரு கரும்புலி. இவை எங்கிருந்து கிடைத்தன? 1988-இல் த கிரிஸ்டல் ஷார்ட் வெளிவந்தது. வாசகர்கள் நாயகனை விட்டுவிட்டுத் துணைவரைப் பிடித்துக்கொண்டார்கள். கேள்விகளுக்கு விடை 1990-இலும் 1991-இலும் மூன்று முன்கதை நாவல்களாக வந்தது. மென்சோபெரன்சான் என்ற நிலத்தடி நகரம் அங்கேதான் எழும்பி நின்றது. ஒருவருடைய முன்கதைக்காக ஒரு மாநகரம் தேவைப்பட்டது, அது கட்டப்பட்டது. பிறகு அந்நகரம் எல்லோருக்கும் பொதுவாயிற்று. பிற எழுத்தாளர்கள் அதில் கதை எழுதினார்கள். ஆடுபவர்கள் அதில் ஆடினார்கள்.

எனக்கு இதில் ஒரு நெருடல் எப்போதும் உண்டு. டிரிஸ்ட் நல்லவராக இருப்பதற்காக அவருடைய ஊரே கெட்டதாக இருக்க வேண்டியிருந்தது. நல்ல தந்தை ஒருவர் உண்டு என்றாலும், விதிவிலக்கின் பெருமைக்கு விதி கடுமையாக இருந்தாக வேண்டும். அந்த விதியோ தோலின் நிறத்தோடு சேர்ந்தே வந்தது. பெண் பார்க்கும் பேச்சிலும் உறவினர் கேலியிலும் கருப்பைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நம்மைப் போன்றவர்கள் அந்த அட்டைப்படங்களை முழுக் களங்கமின்மையோடு பார்க்க முடியாது. விளையாட்டை இப்போது வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 2020-இல் இந்தச் சித்திரிப்பைத் தாங்களே குறையாகக் கண்டு, மாற்றுவோம் என்று அறிவித்தது. 2021-இல் சால்வடோர் எழுதிய ஸ்டார்லைட் என்க்ளேவ் நாவலில், லோல்த்தை ஒருபோதும் வணங்காத ட்ரௌக்களின் நகரம் ஒன்று வடதுருவப் பனியில் இருப்பது தெரியவந்தது.

இதன் விளைவைக் கவனியுங்கள். டிரிஸ்டின் வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சிகூட மாற்றப்படவில்லை. பிறந்தது, தப்பியது, அலைந்தது எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் அவர் முப்பது ஆண்டுகளாக ஓர் இனத்தின் விதிவிலக்காக இருந்தவர், இப்போது ஒரு நகரத்திலிருந்து தப்பியவர் மட்டுமே. வெளியே ஓர் ஊர் சேர்க்கப்பட்டதால் உள்ளே ஒரு மனிதரின் இறந்தகாலம் பொருள் மாறிவிட்டது. கூட்டு உலகத்தில் எதையும் பக்கத்தில் மட்டும் வைத்துவிட முடியாது. எங்கள் மேசையில் எழுந்த சச்சரவை நினைக்கும்போது இந்த எடுத்துக்காட்டுதான் எனக்கு முதலில் வருகிறது.

ரைஸ்ட்லின் கதை இன்னும் சுருக்கமானது, இன்னும் அழகானது. டிராகன்லான்ஸ் உலகத்தை டி.எஸ்.ஆர். நிறுவனத்தில் டிரேசி ஹிக்மனும் மற்றவர்களும் ஆடிச் சோதித்தபோது டெர்ரி ஃபிலிப்ஸ் என்பவர் அந்த மந்திரவாதியை ஏற்றார். அவர் வாயைத் திறந்ததும் வந்தது கரகரத்த, மூச்சிரைக்கும் கிசுகிசுப்பு. மேசை அடங்கிவிட்டதாம். முதலில் வந்தது குரல். ஏன் அந்தக் குரல், ஏன் பொன்னிறத் தோல், ஏன் மணற்கடிகாரம் போன்ற கண்மணிகள் என்பதற்கெல்லாம் மார்கரெட் வைஸ் பிறகுதான் விடை தேடினார். 1984-இல் அவர் எழுதிய சிறுகதையில் மந்திரவாதிகளின் சோதனை ஒன்று வருகிறது. உடல் சிதைந்தது அதில்தான். குரலைக் கேட்டு நோயைக் கண்டுபிடித்திருக்கிறார், வைத்தியரைப் போல.

இனி எங்கள் மேசை. ஆட்டத்தை நடத்துபவர் முன்கதைக்கு இரண்டு விதிகள் வைத்திருந்தார். ஒரு பக்கத்துக்கு மேல் கூடாது. பிறருடைய பாத்திரத்தை அவர் சம்மதமில்லாமல் தொடக்கூடாது. முதல் விதி பொறுமை தொடர்பானது. இரண்டாவது விதியில்தான் எல்லாமே இருக்கிறது.

நாங்கள் ஆடுவதும் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தில்தான். அங்கே புதியவரை நுழைப்பதில் முதல் தடை காலக்கணக்கு. அந்த உலகத்தின் 1385-ஆம் ஆண்டில் மந்திர தேவதை கொல்லப்பட்டு, மந்திரமே நோயாகப் பரவி நாடுகள் உருக்குலைந்தன. 2008-இல் வந்த நான்காம் பதிப்பு கதையை ஏறத்தாழ நூறாண்டு முன்னே தள்ளிவிட்டது. எனவே இருநூறு வயது எல்ஃப் ஒருவரைக் கொண்டுவந்தால், 1385-இல் எங்கே இருந்தீர்கள் என்ற கேள்விக்கு அவர் விடை சொல்ல வேண்டும். எந்த எல்ஃபும் தப்ப முடியாது. எனக்கு அந்தச் சோலி வேண்டாமென்று மனிதப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொண்டேன். நாற்பத்தொரு வயது. சியோந்தார் ஆற்றில் எல்டுரெல் நகரத்துக்கும் பால்டர்ஸ் கேட் துறைமுகத்துக்கும் இடையே படகு விடுபவள்.

எல்டுரெலைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 2019-இல் வெளியான சாகச நூலொன்றில் அந்த நகரம் மொத்தமாக நரகத்தின் முதல் அடுக்குக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. நாங்கள் அதை 2020-இல், வீடடங்கு மாதங்களில், ஆளுக்கொரு கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஆடினோம். நகரம் இருந்த இடத்தில் பெரும்பள்ளம். எங்கள் வீரர்கள் நரகத்துக்குப் போய் நகரத்தை மீட்டு வந்தார்கள். அது பாட்டாகப் பாடப்பட்டது. ஆனால் நகரம் இல்லாமல் போயிருந்த நாட்களில் அந்த ஆற்றில் படகு விட்டவர்களை நாங்கள் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது. படகு இருக்கிறது. போய்ச் சேர வேண்டிய கரைதான் இல்லை. அந்தப் பெண் அப்போது என்ன செய்தாள் என்று யோசித்த மாலையில் எனக்கு ஆள் கிடைத்துவிட்டாள். ஆட்டத்தை நடத்துபவருக்கும் பிடித்திருந்தது. எல்லோரும் அறிந்த பேரழிவின் யாரும் அறியாத ஓரம். புதியவர் நிற்பதற்கு அதைவிட நல்ல இடமில்லை.

அடுத்த கேள்விதான் கடினம். அவள் ஏன் இவர்களோடு வர வேண்டும்? நகரை மீட்டவர்கள் என்ற நன்றி போதாது. நன்றியோடு இருப்பவர்கள் வீட்டில்தான் இருப்பார்கள். 2014-இன் விதிநூல் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பிணைப்பை எழுதச் சொல்கிறது. 2012-இல் வந்த டன்ஜன் வேர்ல்ட் இன்னும் தெளிவு: பெயருக்கான இடம் மட்டும் காலியாக விடப்பட்ட வாக்கியங்கள், அதில் மேசையிலிருக்கும் ஒருவர் பெயரை நிரப்ப வேண்டும். என் வாக்கியத்தில் வர விரும்பிய பெயர் மேசையில் இல்லாதவருடையது.

எங்களில் ஒருவர் 2021 மே மாதம் தொற்றில் இறந்தார். அந்த மாதத்தைப் பற்றி இங்கே விவரிக்கப் போவதில்லை, அனைவருக்கும் தெரியும். அவர் ஏற்றிருந்தது ஹாஃப்லிங் இனத்துத் திருடன் ஒருவனை. எல்லாரிடமும் கடன் வாங்குபவன், எவருக்கும் திருப்பித் தராதவன், ஆனால் ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வைத்திருப்பவன். நண்பர் உண்மையிலேயே ஒரு நீளவாக்கு நோட்டில் அந்தக் கணக்கை எழுதிவந்தார். அவர் போன பிறகு நாங்கள் இரண்டு மாதம் ஆடவில்லை. மீண்டும் கூடியபோது, ஆட்டத்தை நடத்துபவர் ஒரே வாக்கியம் சொன்னார்: துறைமுகத்தில் கயிறு வாங்கப் போனவன் இன்னும் திரும்பவில்லை. ஐம்பதடிச் சணல் கயிறு, ஒரு பொன். அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகள் அவனைப் பற்றி மேசையில் யாரும் பேசவில்லை. அவன் சாகவும் இல்லை, வரவும் இல்லை.

என் படகுக்காரிக்கு அவனைத் தெரியும் என்று நான் சொன்னேன். ஆட்டத்தை நடத்துபவர் பேனாவைக் கீழே வைத்தார். குழுவில் இளையவர் உற்சாகமாகி, அவளை அவனுடைய வளர்ப்புத் தங்கையாக்கிவிடலாமே, அண்ணனைத் தேடி வருகிறாள் என்றால் கதை அருமையாக இருக்குமே என்றார். பூசாரிப் பெண்ணாக ஆடும் தோழி அதுவரை பேசாதிருந்தவர், "அவன் இல்லாதப்போ அவனுக்குத் தங்கச்சி பொறக்க வைக்க நாம யாரு?" என்றார். குரல் உயரவில்லை. இளையவர் விடவில்லை. அண்ணா இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பார், சம்மதித்திருப்பார் என்றார். இருக்கலாம். ஆனால் இறந்தவர் சார்பில் சம்மதிப்பதைவிட எளிய காரியம் உலகத்தில் இல்லை.

நான் அன்றிரவு முழுக்க அதைத்தான் யோசித்தேன். தோழி சொன்னதில் ஒரு கூர்மை இருந்தது. ட்ரௌக்களுக்கு இன்னொரு நகரம் வந்தபோது சால்வடோர் உயிரோடிருந்தார், அவரே எழுதினார். தன் பாத்திரத்தின் இறந்தகாலம் பொருள் மாறுவதற்கு அவரே பொறுப்பேற்றார். எங்கள் திருடனுக்கு அப்படி ஒருவர் இல்லை. ஒரு தங்கையைச் சேர்த்தால், நான்கு ஆண்டுகள் நண்பர் ஆடிய ஒவ்வொரு காட்சியிலும் அவன் தங்கையை மறைத்தவன் ஆகிவிடுவான். அனாதை என்று அவன் சொன்ன அந்தக் குளிர்கால இரவு பொய்யாகிவிடும். அதே வேளையில் தொடவே கூடாது என்றால் அவன் அந்தத் துறைமுகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்க வேண்டியதுதான். அதையும் நண்பர் விரும்பியிருக்க மாட்டார் என்று சொல்ல வாயெடுத்தால், நானும் அவர் சார்பில் சம்மதிக்கத் தொடங்கிவிடுகிறேன்.

வழியைக் கண்டது ஆட்டத்தை நடத்துபவர். நோட்டில் எழுதியிருப்பது மட்டும் செல்லும் என்றார். அவர் கையால் எழுதியதில் இடமிருந்தால் அங்கே நிற்கலாம். இல்லாவிட்டால் வேறு ஆளைக் கொண்டுவர வேண்டும்.

நோட்டு அவர் மனைவியிடம் இருந்தது. தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போனேன். அவர் எங்கள் ஆட்டத்தில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. ஞாயிறு இரவுகளில் ஃபிளாஸ்கில் தேநீர் வைத்துவிட்டு உறங்கப் போய்விடுவார். அலமாரியிலிருந்து நோட்டை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து படித்தேன். நாற்பத்து மூன்று பக்கம். தேதி, ஆள், தொகை, எதற்காக. என் மந்திரவாதியின் பெயர் பதினெட்டு இடங்களில் இருந்தது. 2018-இன் பக்கங்களில், எல்டுரெலில் காவலரிடமிருந்து தப்பி இரவோடிரவாக ஆற்றில் இறங்கிய கட்டம் வந்தது. அந்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. துரத்தலும் அம்புகளும் நினைவிருக்கின்றன. படகு யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் எழுதியிருந்தார்: படகுக்காரிக்கு 3 வெள்ளி. அதற்கு எதிரே, கொடுத்த தேதி எழுத வேண்டிய கட்டத்தில், "பிறகு" என்று ஒரு சொல்.

நான் அந்த வரியை அவர் மனைவியிடம் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "இங்கயும் பாக்கியா?" என்றார். பிறகு, "மூணு வெள்ளிதானே, யாராவது குடுத்துடுங்களேன்" என்றார். தெருமுனைத் தேநீர்க் கடையில் அவர் பெயரில் இருந்த கணக்கை இறந்த பதினாறாம் நாள் தீர்த்தது அவர்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

முன்கதை ஒரு பக்கத்திற்கு வரவில்லை, பதினோரு வரிதான். வயது, படகு, காணாமல் போன கரை, 3 வெள்ளி. ஐந்தாம் பதிப்பின் விலைப்பட்டியலில் தேர்ச்சியில்லாத கூலியாளுக்கு நாளொன்றுக்கு 2 வெள்ளி. அவளுக்கு அது ஒன்றரை நாள் சோறு. டிராகனின் புதையலில் உருண்டவர்களுக்கு அது ஒன்றுமேயில்லை. பூசாரித் தோழி பதினோரு வரிகளையும் இரண்டு முறை படித்தார். "படகுக்காரினு அவனே எழுதியிருக்கான்" என்று மட்டும் சொல்லித் தாளைத் திருப்பித் தந்தார்.

அடுத்த ஞாயிறு பால்டர்ஸ் கேட் நகரில், சத்திரத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வந்தாள். ஹாஃப்லிங் எங்கே என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை; அவர்கள் தங்கள் பாத்திரங்களாக மௌனமாக இருந்தார்களா, தாங்களாகவே இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. தோழிதான் தன் படிவத்தில் இருந்த தொகையை அழித்துவிட்டு, மூன்று குறைத்து எழுதினார். "அவன் தர வேண்டியது. வாங்கிக்கோ" என்று மேசையில் மூன்று நாணயங்களை வைப்பதுபோல் விரலால் மூன்று முறை தட்டினார்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது நான் வேறொரு பதிலைத்தான் நினைத்து வைத்திருந்தேன். அந்த இடத்தில் படகுக்காரி சொன்னது எனக்கே புதிது. ஏறினவன்கிட்டதான் வாங்குவேன் என்றாள். அவனைத் தேடி எத்தனை நாளானாலும் உங்களோடு வருகிறேன், நீங்கள் எங்கே போனாலும் அங்கே ஒரு துறை இருக்கும் என்றாள். அவள் ஏன் இவர்களோடு வர வேண்டும் என்ற கேள்வி அத்தோடு தீர்ந்தது. ஆட்டத்தை நடத்துபவர் தலையசைத்துவிட்டு, வெளியே மழை பிடித்துக்கொண்டது என்று அடுத்த காட்சிக்குப் போனார்.

அதன்பின் நாங்கள் பல துறைமுகங்களைப் பார்த்துவிட்டோம். வாட்டர்டீப் வரை போய் வந்தாயிற்று. ஒவ்வோர் ஊரிலும் அவள் முதலில் படித்துறைக்குப் போய், கயிறு விற்பவரைத் தேடி, இன்ன உயரத்தில் ஒருவன் கயிறு வாங்க வந்தானா என்று கேட்கிறாள். ஆட்டத்தை நடத்துபவர் கயிறு விற்பவரின் குரலில் ஒவ்வொரு முறையும் சற்று யோசிக்கிறார். வந்ததுபோல் ஞாபகமில்லை, ஆனால் இந்த வாரம் நல்ல சணல் வந்திருக்கிறது, பார்க்கிறீர்களா என்கிறார். சில சமயம் அவள் வாங்குகிறாள். எங்களிடம் இப்போது நானூறு அடிக்கு மேல் கயிறு இருக்கிறது. சுமைக் கணக்கு பார்க்கும் இளையவர் முணுமுணுக்கிறார்.